பைபாஸோடு வால்வையும் சேர்த்துச் செய்யலாமா? குடும்பத்தார் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பைபாஸுக்கு நாள் குறித்தாயிற்று. அட்மிஷனுக்கு இரண்டு நாள் முன்பு எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுக்கிறார்கள். “வால்வும் சுருங்கியிருக்கிறது, சேர்த்தே செய்துவிடலாம்” என்கிறார் அறுவை மருத்துவர். ஒரு அறுவைக்கே மனத்தைத் திடப்படுத்திக்கொள்ளப் பட்ட பாடு போதாதென்று, அந்த ஒரு வாக்கியத்தில் குடும்பமே கலங்கிப்போகிறது.

நான் மருத்துவன் அல்லன். அறுவை அரங்கில் இதய-நுரையீரல் இயந்திரத்தை இயக்கும் பெர்ஃப்யூஷனிஸ்ட். இயந்திரம் ஓடத் தொடங்கி எத்தனை நிமிடம், இதயத்துக்கு ரத்தம் நின்று எத்தனை நிமிடம், கடைசி மருந்துக் கரைசல் கொடுத்து எத்தனை நிமிடம் என்று மூன்று கடிகாரங்கள் என் முன்னால் ஓடிக்கொண்டே இருக்கும். அந்தக் கடிகாரங்களை வைத்தே இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன். உங்கள் மருத்துவரிடம் சரியான கேள்வியைக் கேட்க இது உதவினால் போதும். முடிவு அவரோடு சேர்ந்து எடுக்க வேண்டியது.

“மார்பைத் திறக்கத்தான் போகிறார்கள். இருக்கிற குறையெல்லாம் ஒரே தடவையில் சரிசெய்துவிட்டால் என்ன?”

இது பாதி சரி, பாதி தவறு.

சரியான பாதி இது. முதல் தடவை மார்பெலும்பை அறுத்துத் திறப்பது எளிது. இரண்டாம் தடவை அப்படியல்ல. இதயம் எலும்பின் பின்புறத்தோடு தழும்பாக ஒட்டிக்கொண்டிருக்கும். அதைவிடக் கவலை, முதல் அறுவையில் வைத்த இடது மார்புத் தமனி. பைபாஸ் குழாய்களிலேயே நீண்ட நாள் உழைப்பது அதுதான். அது மார்பெலும்புக்குச் சற்றுப் பின்னால்தான் ஓடுகிறது. மறுமுறை ரம்பம் வைக்கும்போது அந்தத் தமனி அறுபட்டால், நோயாளி எதை நம்பி உயிர்வாழ்கிறாரோ அதையே அறுத்ததாகிவிடும். ஆகவே சில ஆண்டுகளுக்குள் கட்டாயம் தேவைப்படும் வேலை என்றால் முதல் தடவையிலேயே முடிப்பது நல்லது.

தவறான பாதி, நேரத்தை மறப்பது. இதயத்திலிருந்து உடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் மகாதமனியின் மேல் கிளாம்ப் என்ற கவ்வியை வைத்த நொடியில் இதயத் தசைக்கு ரத்தம் நின்றுவிடுகிறது. பொட்டாசியம் கலந்த குளிர்ந்த கரைசலைச் செலுத்துகிறோம். மானிட்டரில் இ.சி.ஜி. கோடு சற்று நெளிந்து, நேர்கோடாகிறது. அதன் பிறகு ஒவ்வொரு நிமிடமும் இதயத்தின் கணக்கில் எழுதப்படும் கடன். ரத்தம் கலந்த கரைசல் என்றால் இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை நான் குரல் கொடுப்பேன். மருத்துவர் தையலை நிறுத்தி, மறுபடி கரைசல் விடச் சொல்வார். நான் வேலை செய்யும் அரங்கில் பைபாஸ் மட்டும் என்றால் கிளாம்ப் நேரம் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலே. ஒரு வால்வும் சேர்ந்தால் இரண்டு மணி நேரத்தை நெருங்கும். நல்ல இதயம் இதைத் தாங்கும். ஏற்கெனவே மாரடைப்பில் பாதித் தசை செத்த இதயத்துக்கு அந்த நேரம் பெரிது.

ஆகவே “இருக்கிற குறையெல்லாம்” என்பதற்குப் பதில், “இப்போது விட்டால் பின்னால் கெடுக்கக்கூடிய குறை எது?” என்று கேளுங்கள்.

“அப்பாவுக்கு நெஞ்சுவலி என்றுதான் போனோம். வால்வுக் கோளாறு திடீரென்று எங்கிருந்து வந்தது?”

திடீரென்று வந்ததில்லை. அயோர்டிக் வால்வு, அதாவது இதயத்திலிருந்து மகாதமனிக்கு ரத்தம் வெளியேறும் வாசல், வயதானவர்களுக்குச் சுண்ணாம்பு படிந்து பல ஆண்டுகளில் மெல்ல இறுகுகிறது. வயது, ரத்த அழுத்தம், கொழுப்பு, சர்க்கரை, புகை என்று ரத்தக்குழாய் அடைப்புக்குச் சொல்லும் காரணங்களில் பல இதற்கும் பொருந்தும். ஆகவே இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்திருப்பது வியப்பில்லை.

நெஞ்சுவலியும் இரண்டுக்கும் பொது. சுருங்கிய வாசல் வழியாக ரத்தத்தைத் தள்ளித் தள்ளி இதயத்தசை தடித்துப்போகும். தடித்த தசைக்கு ரத்தம் போதாமல் வலிக்கும். வலி அடைப்பால் வந்ததா, வால்வால் வந்ததா என்று வலியை வைத்துச் சொல்ல முடியாது. அதனால்தான் பைபாஸுக்கு முன் எக்கோ கட்டாயம்.

“வால்வு எவ்வளவு சுருங்கியிருந்தால் சேர்த்துச் செய்ய வேண்டும்?”

நல்ல அயோர்டிக் வால்வின் திறப்பு 3 முதல் 4 சதுர சென்டிமீட்டர். அது 1 அல்லது அதற்கும் குறைவு என்றால் கடுமையான சுருக்கம். அப்படியிருந்து பைபாஸும் தேவைப்பட்டால் வால்வையும் மாற்ற வேண்டும். இதில் மருத்துவ உலகில் தகராறு இல்லை.

சிக்கல் நடுத்தரச் சுருக்கத்தில்தான், அதாவது 1 முதல் 1.5 வரை. இந்தச் சுருக்கம் சராசரியாக ஆண்டுக்குச் சுமார் 0.1 சதுர சென்டிமீட்டர் கூடுகிறது. இன்று 1.2 இருப்பவர் இரண்டு மூன்று ஆண்டுகளில் கடுமையான நிலைக்கு வரக்கூடும். வராமலும் இருக்கக்கூடும், ஏனென்றால் ஆளுக்கு ஆள் வேகம் மாறுகிறது. முன்பெல்லாம் “சேர்த்தே மாற்றிவிடுங்கள்” என்ற பக்கம்தான் தராசு சாய்ந்தது. இப்போது தொடை ரத்தக்குழாய் வழியாகவே வால்வு பொருத்தும் டாவி முறை வந்துவிட்டது. பின்னால் தேவைப்பட்டால் மார்பைத் திறக்காமலே செய்ய வழி உண்டு என்பதால் அந்தப் பரிந்துரை தளர்ந்தது; 2020-இல் வெளிவந்த அமெரிக்க வழிகாட்டுதலில் நடுத்தரச் சுருக்கத்துக்குச் “செய்யலாம், பரிசீலிக்கவும்” என்ற அளவுக்குத்தான் இடம் தருகிறார்கள். வால்வில் சுண்ணாம்பு கெட்டியாகப் படிந்திருக்கிறதா, முந்தைய எக்கோவுக்கும் இதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்பதைப் பார்த்து முடிவு செய்வார்கள். ஆகவே பழைய எக்கோ அறிக்கைகளைத் தூக்கிப்போடாதீர்கள். அந்தக் காகிதம் ஒரு வால்வின் விலை பெறும்.

“மைட்ரல் வால்வில் கசிவு என்கிறார்கள். வால்வு நன்றாக இருக்கிறது, ஆனாலும் கசிகிறது என்கிறார்களே?”

இதற்குத்தான் எனக்குச் சற்று விரிவாகப் பதில் சொல்ல ஆசை, ஏனென்றால் பெரும்பாலானவர்கள் இதைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். மைட்ரல் வால்வு என்பது இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள வாசல்.

வீட்டு வாசலில் இரட்டைக் கதவு இருக்கிறது. கதவு நல்ல தேக்கு. ஆனால் சுவர் நகர்ந்து, நிலை அகன்றுவிட்டது. இப்போது கதவுகள் இரண்டும் நடுவில் சேரவில்லை, இடைவெளி விழுகிறது. மாரடைப்புக்குப் பிறகு வரும் மைட்ரல் கசிவு பெரும்பாலும் இப்படித்தான். வால்வின் இதழ்களில் பழுதில்லை. அவற்றை நார்க் கயிறுகளால் பிடித்திருக்கும் தசைச்சுவர் செத்து, விரிந்து, வெளியே நகர்ந்திருக்கிறது. கயிறு இழுபடுகிறது, இதழ்கள் சேர மறுக்கின்றன. கோளாறு சுவரில்.

நிலையைச் சுருக்க ஒரு வளையம் வைத்துத் தைப்பதுண்டு. பிரான்சின் இதய அறுவை மருத்துவர் அலன் கார்ப்பந்தியே புகழ்பெறச் செய்த முறை அது. ஆனால் சுவர் மேலும் விரிந்துகொண்டே போனால் வளையம் என்ன செய்யும்? 2014-இல் வெளியான ஓர் அமெரிக்க-கனடிய ஆய்வில், கடுமையான கசிவுள்ள 251 பேரில் ஒரு பாதிக்கு வளையம் வைத்தார்கள், மறு பாதிக்கு வால்வையே மாற்றினார்கள். இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு வளையம் வைத்தவர்களில் 58.8 சதவீதத்தினருக்கு நடுத்தர அல்லது கடுமையான கசிவு திரும்பியிருந்தது, மாற்றியவர்களில் 3.8 சதவீதம்தான். உயிர்பிழைத்தோர் எண்ணிக்கையில் பெரிய வித்தியாசம் இல்லை. “பழுதுபார்ப்பதுதான் எப்போதும் நல்லது” என்று பொதுவாகச் சொல்லப்படுவது இந்த வகைக் கசிவுக்குப் பொருந்தவில்லை என்பது அதிலிருந்து தெரிந்தது.

நடுத்தரக் கசிவுக்கு அதே குழுவினர் 301 பேரிடம் செய்த ஆய்வில், பைபாஸ் மட்டும் செய்தவர்களுக்கும் பைபாஸோடு வளையமும் வைத்தவர்களுக்கும் இதயத்தின் அளவு குறைவதில் வேறுபாடு இல்லை. வளையம் வைத்தவர்களுக்குக் கசிவு குறைந்தது. ஆனால் நரம்பு, மூளை சார்ந்த சிக்கல்களும் துடிப்புக் கோளாறும் கூடின. அடைப்பு நீங்கி ரத்தம் வந்ததும் சோர்ந்து கிடந்த தசை சற்று எழுந்து, நிலை தானே ஓரளவு நேராகிவிடுகிறது. ஆகவே நடுத்தரக் கசிவைத் தொடாமல் விடுவதாக மருத்துவர் சொன்னால், அது அலட்சியமன்று.

இதழே கிழிந்து, கயிறே அறுந்து வரும் கசிவு வேறு கதை. அங்கே பழுதுபார்ப்பு நன்றாக நிற்கும். உங்களுடையது எந்த வகை என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

“அம்மாவுக்குச் சின்ன வயதுக் காய்ச்சலால் வந்த வால்வுக் கோளாறு. வால்வை மாற்றத்தான் வந்தோம், ஆஞ்சியோ எதற்கு?”

ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு கெட்டவர்கள் நம் நாட்டில் இன்னும் நிறையப் பேர். நாற்பதைத் தாண்டிய ஆண்களுக்கும் மாதவிலக்கு நின்ற பெண்களுக்கும் வால்வு அறுவைக்கு முன் ரத்தக்குழாய்களைப் பார்த்துவிடுவது வழக்கம். அடைப்பு இருப்பது தெரியாமல் வால்வை மட்டும் மாற்றினால், கிளாம்ப் நேரத்தில் நான் விடும் கரைசல் அந்த அடைப்புக்கு அப்பால் சரியாகப் போய்ச் சேராது. அந்தப் பகுதித் தசை பாதுகாப்பில்லாமல் கிடக்கும். ஆஞ்சியோ அதற்குத்தான்.

“அரங்கினுள் எந்த வேலை முதலில்? பைபாஸா, வால்வா?”

வெளியில் பெஞ்சில் காத்திருப்பவர்களுக்கு இது தெரிந்தால் மனம் கொஞ்சம் தெளியும் என்று நினைக்கிறேன்.

முதலில் ஒருவர் காலிலிருந்து சிரையை எடுக்கிறார், இன்னொருவர் மார்புத் தமனியைப் பிரித்தெடுக்கிறார். பிறகு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 300 யூனிட் அளவில் ஹெப்பாரின். ரத்தம் உறையாது என்று பரிசோதனையில் உறுதியான பின்புதான் இயந்திரத்தை ஓட்டுவேன். இயந்திரம் நுரையீரலின் வேலையையும் இதயத்தின் வேலையையும் ஏற்றுக்கொள்கிறது. இப்படியொரு இயந்திரத்தை வைத்து முதல் வெற்றிகரமான இதய அறுவையை ஃபிலடெல்ஃபியாவில் ஜான் கிப்பன் செய்தது 1953 மே 6 அன்று.

கிளாம்ப் வைத்த பிறகு, பெரும்பாலும் முதலில் சிரைகளின் கீழ்முனைகளை இதயத் தமனிகளில் தைத்துவிடுவார்கள். இந்த வரிசைக்குக் காரணங்கள் உண்டு. ஒன்று, தைத்த சிரை வழியாகவே நான் கரைசலை அடைப்புக்கு அப்பால் செலுத்த முடியும். அதைவிட முக்கியமான காரணம் மைட்ரல் வால்வு மாற்றும்போது. இதயத்தின் பின்பக்கத் தமனியைத் தைக்க, இதயத்தைக் கையால் தூக்கிப் பிடிக்க வேண்டும். உள்ளே விறைப்பான செயற்கை வால்வு உட்கார்ந்த பிறகு அப்படித் தூக்கினால், பின்சுவர் கிழிந்துவிடக்கூடும். அந்தக் கிழிசலைத் தைத்து மீட்பது மிகக் கடினம். ஆகவே தூக்க வேண்டிய வேலையெல்லாம் முதலில், வால்வு அதன் பிறகு. கெட்ட அயோர்டிக் வால்வை வெட்டி எடுக்கும்போது சுண்ணாம்பு கல் கல்லாக வரும். ஒரு துணுக்கு உள்ளே விழுந்தாலும் மூளைக்குப் போய்விடலாம் என்பதால் அரங்கில் அந்த நேரம் பேச்சே இருக்காது. இறுதியில் மார்புத் தமனியை இணைத்து, காற்றை வெளியேற்றி, கிளாம்பை எடுக்கிறார்கள். நேர்கோடு நடுங்குகிறது. சில இதயங்கள் தாமாகவே துடிக்கத் தொடங்கும். சிலவற்றுக்குச் சிறு மின்னதிர்ச்சி தேவை. உணவுக்குழாய் வழி எக்கோவில் வால்வு சரியாக மூடுகிறதா என்று பார்த்த பின்புதான் இயந்திரத்தை மெல்லக் குறைப்பேன்.

“பக்கத்து வீட்டுக்காரருக்கு இதயத்தை நிறுத்தாமலே பைபாஸ் செய்தார்களாம். அப்பாவுக்கு ஏன் முடியாது?”

துடிக்கும் இதயத்திலேயே பைபாஸ் செய்வது இந்தியாவில் பரவலாக இருக்கும் முறை. இந்தியாவின் முதல் பைபாஸை 1975-இல் சென்னை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே.எம். செரியன் செய்த காலத்திலிருந்து நம் மருத்துவர்கள் இதில் வெகுதூரம் வந்துவிட்டார்கள். ஆனால் தமனிகள் இதயத்தின் மேற்பரப்பில் இருக்கின்றன, வால்வு உள்ளே இருக்கிறது. அறையைத் திறந்து வால்வைத் தைக்க இதயம் நின்றாக வேண்டும். சில மருத்துவர்கள் சிரைகளைத் துடிக்கும்போதே இணைத்துவிட்டு, வால்வுக்கு மட்டும் நிறுத்தி நேரத்தை மிச்சப்படுத்துவார்கள். அது அவரவர் கைப்பழக்கம்.

“துடிப்பு ஒழுங்கற்று இருக்கிறது என்றும் அதற்கும் சேர்த்து ஏதோ செய்வதாகவும் சொன்னார்கள்.”

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற அந்தத் துடிப்புக் கோளாறில், இடது மேலறையின் ஓரத்தில் காது மடல்போல் தொங்கும் சிறு பையில் ரத்தம் தேங்கி உறையும். அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். அறுவையின்போது அந்தப் பையை மூடிவிடச் சில நிமிடம் போதும். ஏறத்தாழ 4,800 பேரிடம் நடந்து 2021-இல் வெளியான ஆய்வில், பையை மூடியவர்களில் பக்கவாதமோ வேறிடத்தில் ரத்தக்கட்டி அடைப்போ வந்தது 4.8 சதவீதம், மூடாதவர்களில் 7 சதவீதம். கடிகாரம் பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், செலவழிக்கும் நிமிடத்துக்கு இவ்வளவு பலன் தரும் கூடுதல் வேலை குறைவு. துடிப்புக் கோளாறு உள்ளவர் என்றால் “அந்தப் பையை மூடுவீர்களா?” என்று நீங்களே கேளுங்கள். ஆனால் அந்த ஆய்வில் பெரும்பாலானவர்கள் ரத்தம் உறையாமை மருந்தையும் தொடர்ந்தார்கள். பையை மூடியாயிற்றே என்று மருந்தை நிறுத்தக் கூடாது.

மேலறைத் தசையில் வடுக்கோடுகள் போட்டுத் துடிப்பையே ஒழுங்குபடுத்தும் மேஸ் முறை, ஜேம்ஸ் காக்ஸ் 1987-இல் தொடங்கியது. அது கூடுதல் நேரம் பிடிக்கும். மைட்ரல் வால்வுக்காக மேலறையை எப்படியும் திறக்கும்போது எளிதாகச் சேரும்.

“வேறு என்னென்ன சேர்த்துச் செய்கிறார்கள்?”

மகாதமனி வீங்கியிருந்தால் அதை மாற்றுவார்கள். அயோர்டிக் வால்வு அறுவை நடக்கும்போது வீக்கம் 4.5 சென்டிமீட்டரைத் தொட்டிருந்தால் சேர்த்தே மாற்றுவது நியாயம். மாரடைப்பில் இதயத்தின் நடுச்சுவர் ஓட்டையானால் ஒட்டுப்போட்டு அடைப்பதும் பைபாஸும் சேர்ந்து வரும். அது உயிர்காக்கும் அவசரம். விரிந்த இடது கீழறையை வெட்டிச் சுருக்கும் அறுவை ஒரு காலத்தில் பெரிய நம்பிக்கை தந்தது. 1,000 பேரிடம் நடந்து 2009-இல் வெளியான ஆய்வில் அறை சுருங்கியது, ஆனால் மரணமோ மருத்துவமனை அனுமதியோ குறையவில்லை. இப்போது தேர்ந்தெடுத்த சிலருக்கே செய்கிறார்கள்.

கழுத்துத் தமனி அடைப்பையும் பைபாஸோடு ஒரே மயக்கத்தில் எடுக்கலாமா என்று கேட்கிறார்கள். அறிகுறி இல்லாத அடைப்புக்கு 129 பேரிடம் நடந்த ஐரோப்பிய ஆய்வு பாதியில் நின்றது. சேர்த்துச் செய்தவர்களில் 18.5 சதவீதத்தினருக்கும், பைபாஸ் மட்டும் செய்தவர்களில் 9.7 சதவீதத்தினருக்கும் முப்பது நாளுக்குள் பக்கவாதமோ மரணமோ நேர்ந்தது. எண்ணிக்கை சிறிது, முடிவாக ஒன்றும் நிரூபிக்காது. ஆனால் அறிகுறி இல்லாத இடத்தில் அவசரப்பட வேண்டாம் என்பதற்கு அது போதும்.

“ஆபத்து இரண்டு மடங்கா?”

அமெரிக்க மார்பு அறுவை மருத்துவர்கள் சங்கத்தின் பதிவேட்டுக் கணக்கில் பைபாஸ் மட்டும் என்றால் நூறில் ஏறத்தாழ இருவர் இறக்கிறார்கள். அயோர்டிக் வால்வு மாற்றமும் சேர்ந்தால் ஏறத்தாழ நால்வர். மைட்ரல் மாற்றமும் சேர்ந்தால் பத்துப் பேர் அளவுக்குப் போகிறது. ஆனால் இந்த எண்களை அப்படியே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காதீர்கள். இரண்டும் தேவைப்படுகிறவர் முதலிலேயே அதிக நோயுற்றவர். கூடுதல் ஆபத்து முழுவதும் அறுவையால் வந்ததன்று.

சரியான ஒப்பீடு எது? சேர்த்துச் செய்வதை, வெறும் பைபாஸோடு ஒப்பிடக் கூடாது. கெட்ட வால்வை உள்ளே விட்டுவிட்டுச் செய்யும் பைபாஸோடு ஒப்பிட வேண்டும். கடுமையாகச் சுருங்கிய வால்வை விட்டுவிட்டால், இயந்திரத்திலிருந்து இதயத்தைப் பிரிப்பதே கஷ்டமாகலாம். வயது, சிறுநீரகம், நுரையீரல், இதயம் சுருங்கும் வலிமை எல்லாவற்றையும் போட்டுக் கணக்கிடும் யூரோஸ்கோர் போன்ற முறைகள் இருக்கின்றன. “எங்கள் அப்பாவுக்கு எத்தனை சதவீதம்?” என்று கேட்பது உங்கள் உரிமை. கேட்கத் தயங்க வேண்டாம்.

“மார்பைத் திறக்காமலே, ஸ்டென்ட்டும் டாவி வால்வும் வைத்துவிட முடியாதா?”

எழுபதைக் கடந்தவர்களுக்கு இது இன்று உண்மையான மாற்றுவழி. 2024-இல் வெளியான ஐரோப்பிய ஆய்வில், எழுபது வயதுக்கு மேற்பட்ட 172 பேரில் ஒரு பாதிக்கு ஸ்டென்ட்டும் டாவியும், மறு பாதிக்குப் பைபாஸும் வால்வு மாற்றமும் செய்தார்கள். ஓராண்டில் மரணம், மாரடைப்பு, பக்கவாதம், பெரும் ரத்தப்போக்கு போன்றவை சேர்ந்த கணக்கு முதல் குழுவில் 4 சதவீதம், இரண்டாம் குழுவில் 23 சதவீதம். சிறிய ஆய்வு, எந்த முறையிலும் சரிசெய்யக்கூடிய அடைப்பு உள்ளவர்களைத்தான் சேர்த்தார்கள். ஐம்பத்தைந்து வயது, சர்க்கரை, மூன்று தமனிகளிலும் நீளமான அடைப்பு என்றால் இன்னும் மார்புத் தமனிதான் என் பார்வையில் நல்ல முதலீடு. டாவி வால்வின் விலையும் சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. இதய மருத்துவரும் அறுவை மருத்துவரும் சேர்ந்து உட்கார்ந்து பேசி முடிவு சொல்லும்படி கேளுங்கள்.

“உலோக வால்வா, திசு வால்வா?”

உலோக வால்வு நீண்ட நாள் உழைக்கும். ஆனால் ஆயுள் முழுவதும் வார்ஃபரின் அல்லது அசிட்ரோம் என்ற உறையாமை மாத்திரை, மாதந்தோறும் ரத்தம் உறையும் தன்மையை அளக்கும் ஐ.என்.ஆர். பரிசோதனை. விலங்குத் திசுவால் செய்த திசு வால்வுக்குச் சில மாதம்தான் அந்த மாத்திரை. ஆனால் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் தேயும், இளவயதினருக்கு இன்னும் சீக்கிரம். ஐம்பதுக்குக் கீழே உலோகம், அறுபத்தைந்துக்கு மேலே திசு என்பது பொதுப் போக்கு. இடைப்பட்டவர்களுக்கு நான் கேட்பது ஒன்றுதான். ரத்தப் பரிசோதனை நிலையம் உங்கள் ஊரிலிருந்து எவ்வளவு தொலைவு? பஸ் மாறி மாறிப் போக வேண்டும், மகன் வெளியூர் என்றால், உலோக வால்வு அந்த வீட்டுக்குப் பாரம். பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்கு வார்ஃபரின் கருவைப் பாதிக்கும் என்பதையும் அறுவைக்கு முன்பே பேச வேண்டும்.

உலோக வால்வு வகையில், திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா நிலையத்தில் டாக்டர் வலியத்தான் தலைமையில் உருவான சித்ரா வால்வு, 1990 டிசம்பரில் முதன்முதலாகப் பொருத்தப்பட்டது. விலை குறைவு என்பதற்காக அதைத் தாழ்வாக நினைக்காதீர்கள். எத்தனையோ ஏழை வீடுகளில் விளக்கு எரிவது அதனால்தான்.

“அறுவைக்கு முன் வீட்டில் என்ன கவனிக்க வேண்டும்?”

பல். செயற்கை வால்வில் கிருமி குடியேறினால் அதை விரட்டுவது பெரும்பாடு. கிருமி வாயிலிருந்தும் ரத்தத்தில் கலக்கக்கூடும். சொத்தைப் பல்லை முன்னதாகவே பிடுங்கி ஆறவிட வேண்டும்.

மாத்திரை. குளோபிடோக்ரெல் போன்றவற்றை வழக்கமாக ஐந்து நாள் முன்பு நிறுத்தச் சொல்வார்கள், ஆஸ்பிரினைத் தொடரச் சொல்வார்கள். சர்க்கரைக்கான டாபாகிளிஃப்ளோசின் வகையை மூன்று நாள் முன்பாவது நிறுத்த வேண்டும். இதைச் சொல்ல மறக்கிறவர்கள் நிறைய. ஸ்டென்ட் வைத்தவர் எதையும் தாமாக நிறுத்தக் கூடாது. மாத்திரை அட்டைகளை அப்படியே பையில் போட்டு எடுத்துப் போங்கள்.

காப்பீடு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. ஆனால் முன் அனுமதி எந்த அறுவைக்கு என்று எழுதப்பட்டிருக்கிறதோ அதற்குத்தான். ஒரு மருத்துவமனையில் “பைபாஸ்” என்று மட்டும் அனுமதி வாங்கியிருந்த குடும்பம், வால்வும் சேர்ந்ததால் கடைசி நாளில் நகையை அடகுவைக்க ஓடியதைப் பார்த்தேன். எக்கோ அறிக்கை மாறியதும் காப்பீட்டு மேசைக்கு மறுபடி போய்விடுங்கள்.

“பித்தப்பைக் கல்லும் இருக்கிறது. அதையும் சேர்த்து எடுக்கலாமே?”

வேண்டாம். ரத்தம் உறையாமல் ஹெப்பாரின் கொடுத்திருக்கும் நேரத்தில் இன்னொரு காயம் என்றால் ரத்தப்போக்கு. குடல் பக்கத்துக் கிருமி புதிய வால்வுக்குப் போகும் அபாயம் வேறு. அவசரமில்லாத எதுவும் பிறகுதான்.

“ஐ.சி.யூ.வில் அப்பா எங்களையே அடையாளம் தெரியாமல் பேசினார். மூளைக்கு ஏதாவது ஆகிவிட்டதா?”

நீண்ட அறுவைக்குப் பிறகு முதியவர்களுக்குச் சில நாள் மனக்குழப்பம் வருவது சகஜம். பெரும்பாலும் தெளிந்துவிடும். கண்ணாடியையும் காதுக்கருவியையும் கொடுத்து, கிழமையைச் சொல்லி, பழகிய குரலில் பேசுங்கள். கை கால் தளர்வோ வாய் கோணலோ இருந்தால் உடனே செவிலியரை அழைக்க வேண்டும்.

துடிப்பு ஒழுங்கற்றுப் போவதும் அடிக்கடி நடக்கும். பைபாஸ் மட்டும் செய்தவர்களில் மூன்றில் ஒருவருக்கும், வால்வும் சேர்த்துச் செய்தவர்களில் பாதிப் பேருக்கும் வரலாம். மருந்திலேயே பெரும்பாலும் சரியாகும். மார்பெலும்பு கூட ஆறு முதல் எட்டு வாரம். அதுவரை தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர், பேரப்பிள்ளை எதையும் தூக்கக் கூடாது. சிரை எடுத்த கால் சில மாதம் வீங்கும்.

“கீரை சாப்பிடவே கூடாதா?”

வார்ஃபரின் சாப்பிடுகிறவர் கீரையை விலக்க வேண்டியதில்லை, அளவை மாற்றாமல் இருக்க வேண்டும். வாரம் இரண்டு நாள் என்றால் எப்போதும் இரண்டு நாள். ஆபத்து கீரையைவிட, கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரையிலும், யாரோ சொல்லிச் சாப்பிடும் நாட்டு மருந்திலும் இருக்கிறது. பரிசோதனை வேண்டாத புதுவகை உறையாமை மருந்துகள் உலோக வால்வுக்கு ஆகா.

“இரவில் அவர் மார்பிலிருந்து கடிகாரம் போல ‘டிக் டிக்’ என்று கேட்கிறது. பயப்பட வேண்டுமா?”

உலோக வால்வின் தட்டு மூடும் சத்தம் அது. கேட்பதுதான் நல்லது.

எங்களிடம் பைபாஸும் உலோக வால்வும் செய்துகொண்ட ஒருவர், ஓராண்டுக்குப் பிறகு பல் பிடுங்குவதற்காக யாரையும் கேட்காமல் உறையாமை மாத்திரையைப் பத்து நாள் நிறுத்திவிட்டார். ஒரு விடியற்காலை அவர் மனைவிக்கு ஏதோ குறைவதுபோல் தோன்றி விழிப்பு வந்தது. சத்தம் மங்கியிருந்தது. கணவருக்கு லேசாக மூச்சு வாங்கியது, “வயிற்றுக் கோளாறு, படு” என்றாராம். அந்த அம்மாள் படுக்கவில்லை. ஆட்டோ பிடித்து, ஐ.என்.ஆர். நோட்டையும் எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். தட்டில் ரத்தம் உறைந்து ஒட்டியிருந்தது. கரைக்கும் மருந்து கொடுத்து, மார்பை மறுபடி திறக்காமலே காப்பாற்ற முடிந்தது.

ஆகவே சத்தம் மங்கினாலோ நின்றாலோ, மூச்சு வாங்கினாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அந்த நோட்டை எடுத்துக்கொண்டு, எக்கோ வசதியும் இதய அறுவைப் பிரிவும் உள்ள மருத்துவமனைக்கு நேராகப் போங்கள். வாசலிலேயே “செயற்கை வால்வு, சத்தம் குறைந்துவிட்டது” என்று சொல்லுங்கள்.